உங்களுக்குத் தெரியுமா? போர் தண்ணீரில் குடித்தனம் நடத்தும் டாங்கனிகா போக்கிரிகள்!

ஹைதராபாத்தில் போர் தண்ணீரைத் திட்டாத வீடு உண்டா? பக்கெட்டில் வெள்ளைத் திட்டு, ஷவரில் அடைப்பு, எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காத சோப்பு! அந்தத் தண்ணீரில்தான் குடும்பம் நடத்துவேன், குஞ்சு பொரிப்பேன் என்று அடம்பிடிக்கிறது ஒரு மீன் கூட்டம்!

ஆப்பிரிக்காவின் டாங்கனிகா ஏரிச் சிக்லிட்கள்தான் அவை. ஏரித் தண்ணீரின் பி.எச். கிட்டத்தட்ட 9! ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே ஊற்றினால் வாடிப்போகும். நமக்கு ஆர்.ஓ., அதற்கு போர்!

ஏரியின் நீளம் 673 கிலோமீட்டர். ஒரு முனையைச் சென்னையில் வைத்தால் மறுமுனை ஹைதராபாத்தைத் தாண்டிப் போய்விடும்!

ஆழம் 1,470 மீட்டர். 25 சார்மினாரை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் மொத்தமும் மூழ்கிப்போகும்!

இவ்வளவு ஆழத்தில் மீன்கள் இருக்கும் இடம்? மேலே இருக்கும் இருநூற்றுச் சொச்சம் மீட்டர்தான். அதற்குக் கீழே ஆக்சிஜனே கிடையாது!

அந்த மேல் அடுக்கில் மட்டும் சுமார் 240 வகைச் சிக்லிட்கள். அநேகமாக எல்லாமே உலகில் வேறெங்கும் கிடையாது!

மேல்மட்டத் தண்ணீருக்கும் ஏரியின் அடிமட்டத் தண்ணீருக்கும் வெப்ப வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? சுமார் 3 டிகிரி! மே மாத ஹைதராபாத் வெயிலில் வாடகைக்கு வந்த இந்த மீன்களின் பாட்டை நினைத்துப் பாருங்கள்!

உங்கள் சமையல் மேடையில் எலுமிச்சைச் சாறு சிந்தினால் கடப்பா கல் வெளிறிப்போகிறதல்லவா? அது சுண்ணாம்புக் கல்! ஹைதராபாத் வீட்டு வாசலில் பதிக்கும் ஷாபாத் கல்லும் தாண்டூர் கல்லும் அதே ஜாதிதான்! உடைந்த துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். கழுவி, தொட்டிக்குள் அடுக்குங்கள். மீனுக்கு குகை ஆச்சு. பி.எச். இறங்காமல் பிடித்துக்கொள்ளவும் ஆள் ஆச்சு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா அளவு ஒன்றே என்றாலும், பி.எச். 7-ல் இருக்கும் விஷத்தைவிட பி.எச். 9-ல் 60 மடங்குக்கு மேல் விஷம்! தண்ணீர் மாற்றச் சோம்பேறித்தனம் படுபவர்கள் கோல்ட்ஃபிஷ்ஷோடு நிறுத்திக்கொள்ளலாம்!

சரி, சண்டைக்கு வருவோம்!

'ஓசலேட்டஸ்' என்று ஒரு மீன். நீளம் 5 சென்டிமீட்டர்தான். தொட்டியைச் சுத்தம் செய்யக் கையை விடுங்கள் பார்க்கலாம். பாய்ந்து வந்து விரலைக் கடிக்கும்! எதற்கு? ஒரு காலி நத்தை ஓட்டுக்காக!

அந்த ஓடுதான் அதன் வீடு, பிரசவ அறை, கோட்டை. மணலைத் தோண்டித் தோண்டி ஓட்டைப் புதைத்து, வாசலை மட்டும் வெளியே தெரிய விடும்! வாஸ்து பார்க்காத பில்டர்!

'மல்டி' இன்னும் பொடிசு. ஆண் 4.5 சென்டிமீட்டர், பெண் 3.5. உலகின் மிகச் சிறிய சிக்லிட்களில் ஒன்று! ஒரு கைப்பிடி நத்தை ஓடு போட்டால் போதும், ஒரு காலனியே எழும்பிவிடும்!

இதற்கு நேர் எதிர், அதே ஏரியில்! 'சக்ரவர்த்தி சிக்லிட்' முக்கால் மீட்டருக்கு மேல் வளரும். ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆனால் ஆயுளில் ஒரே ஒரு பிரசவம்! குஞ்சுகளுக்குக் காவல் நின்றே அம்மாவும் அப்பாவும் ஓய்ந்து போவார்கள்!

'கேலிப்டெரஸ்' ஆணைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பெண்ணைவிட 12 மடங்குவரை எடை! பெண் நத்தை ஓட்டுக்குள் நுழைய வேண்டும், ஆண் அந்த ஓட்டை வாயால் தூக்க வேண்டும். ஏரி முழுக்கத் தேடி, ஓடுகளைக் கவ்வி வந்து குவித்து, 'வாங்கம்மா, வீடு ரெடி' என்று காத்திருப்பார்! கிடைக்கவில்லையா? பக்கத்து ஆண் குவித்ததைத் திருடுவார். ஓட்டுக்குள் பெண் இருந்தால் அவளோடு சேர்த்தே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்!

அந்தப் பயில்வானை ஏமாற்றவும் ஆள் இருக்கிறது! அதே இனத்தில் குள்ள ஆண்கள். எடை, பெரிய ஆணின் 40-ல் ஒரு பங்கு! பெண் ஓட்டுக்குள் இருக்கும்போதே நைசாக நுழைந்து, அவளையும் தாண்டி ஓட்டின் உள்மூலைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும்! வாசலில் நிற்பவருக்கு நுழைய உடம்பு இடம் கொடுக்காது!

சண்டைக்கார மீனை வளர்க்கச் சிறந்த வழி எது? நிறைய வாங்கிப் போடுவது! ஜோக் அல்ல. 'டிராஃபியஸ்' மீனை ஆறு வாங்கி விட்டால் மாதக் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சக்கூடும். 20 வாங்கி விடுங்கள், அமைதி! அடி வாங்க ஆள் கூடும்போது ஆளுக்கு விழும் அடி குறைந்துவிடுகிறது. ஏழு பிள்ளை பெற்ற நம் பாட்டிகளுக்கு இந்தக் கணக்கு அப்போதே தெரியும்!

ஒரே டிராஃபியஸ், ஆனால் ஏரியின் ஒவ்வொரு கரைக்கும் ஒரு நிறம். 100-க்கும் மேற்பட்ட நிற வகைகள்! கலந்து விட்டால் கலப்புக் குஞ்சுதான். அப்புறம் அது எந்தக் கரை என்று ஜோசியர்கூடச் சொல்ல முடியாது!

இது பாசி தின்னும் மீன். நீளமான குடல். ரத்தப்புழு, இறைச்சி என்று விருந்து வைத்தால் வயிறு வீங்கிச் செத்துப்போகும்! அன்பே எமன்!

ஆண்தான் ரவுடி என்று யார் சொன்னது? 'மார்லியேரி'யில் பெண்தான் பெரியவள், அவள்தான் எல்லைக் காவல், அவள்தான் அடிதடி. குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர்! வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் 'ஜூலி'. சாது மாதிரி ஒலிக்கிறது, இல்லையா?

'பிரிச்சார்டி' வீட்டில் கூட்டுக் குடும்பம்! முந்தைய ஈட்டுப் பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போவதில்லை. தம்பி தங்கைகளுக்குக் காவல், முட்டைகளைச் சுத்தம் செய்தல், மணல் அள்ளுதல்! இதன் நெருங்கிய உறவான 'புல்கெர்' மீன்களில் வேலை செய்யாமல் ஓபி அடித்தால் உதை விழும்!

அண்டை வீட்டுக்காரன் யார், அந்நியன் யார்? முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும் அந்தப் புல்கெர்! ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-ல் நிரூபித்துவிட்டார்கள். நம்மில் பலருக்கு எதிர் ஃபிளாட்காரர் முகம் தெரியாது!

பிரிச்சார்டி என்ற பெயர், புருண்டி நாட்டில் இருந்துகொண்டு இந்த ஏரியின் மீன்களை உலகத் தொட்டிகளுக்கு அனுப்பிய பெல்ஜியக்காரர் பியர் பிரிச்சார்டுக்காக வைத்தது. ஏற்றுமதிக்காரர் பெயர் மீனுக்கு!

'பர்டோனி' இன்னும் கில்லாடி. பெயர், 1858-ல் இந்த ஏரியை அடைந்த ரிச்சர்ட் பர்ட்டனுடையது. 2007-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஐந்து ஆண் மீன்களை ஜோடி ஜோடியாக மோதவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இன்னொரு பர்டோனி, வெறும் பார்வையாளர். இரண்டாமவன் மூன்றாமவனை ஜெயித்தான், மூன்றாமவன் நான்காமவனை ஜெயித்தான். இரண்டாமவனும் நான்காமவனும் மோதவே இல்லை. ஆனாலும் நான்காமவன்தான் சோப்ளாங்கி என்று பார்வையாளர் கணக்குப் போட்டுவிட்டார்! 'ராமு சோமுவைவிட உயரம்' கணக்கை நாம் ஐந்தாம் வகுப்பில் போட்டோம், மீன் தொட்டியில் போடுகிறது!

செதில் தின்றே பிழைக்கும் ஒரு சிக்லிட் உண்டு. பாதிப் பேருக்கு வாய் இடப்பக்கம் கோணல், பாதிப் பேருக்கு வலப்பக்கம்! ஒரு கோஷ்டி, இரையின் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே செதிலைப் பிய்க்கும். எந்தக் கோஷ்டி பெருத்தாலும் இரை உஷாராகிவிடும், உடனே அடுத்த கோஷ்டிக்கு யோகம்! ஹோரி என்ற ஜப்பானியர் 1993-ல் உலகுக்குச் சொன்ன ரகசியம்!

ஏரியை விட்டுக் கொஞ்சம் ஊருக்குத் திரும்புவோம். ஹைதராபாத்தில் அரசு அலுவலகம் ஒன்று மீன் வடிவத்திலேயே நிற்கிறது! கண், துடுப்பு, வால் எல்லாம் உண்டு. தேசிய மீன்வள மேம்பாட்டு வாரியம். முகவரி இன்னும் ஜோர்: நரசிம்மராவ் விரைவுச்சாலை, தூண் எண் 235!

சென்னைக்காரர்கள் பொறாமைப்பட வேண்டாம். உங்களுக்குக் கொளத்தூர் இருக்கிறது! மொட்டைமாடியிலும் கொல்லையிலும் தொட்டி கட்டி வண்ண மீன் பொரித்து ஊரெல்லாம் அனுப்பும் பேட்டை!

இந்தியாவின் சொந்தச் சிக்லிட்கள் எத்தனை? மூன்றே மூன்று! அதில் ஒன்று பழவேற்காட்டிலும் கிடைக்கும் கரிமீன். கேரளத்தின் மாநில மீன்!

நீங்களும் சிக்லிட் சாப்பிட்டிருப்பீர்கள்! ஜிலேபி மீன் இருக்கிறதே, அதுவும் சிக்லிட்தான். ஆப்பிரிக்காக்காரர். 1952-ல் இந்தியாவுக்கு வந்து, ஏரி குளமெல்லாம் பட்டா போட்டுக்கொண்டார்!

ஜூன் மாதம், மிருகசீரிஷ கார்த்தி நாள். ஹைதராபாத் நாம்பள்ளி கண்காட்சி மைதானத்தில் ஆஸ்துமாக்காரர்கள் வரிசையில் நின்று, உயிருள்ள விரால் குஞ்சை மருந்தோடு விழுங்குவார்கள்! 'மீன் பிரசாதம்' கொடுக்கும் குடும்பம் சொல்லும் கணக்கு, 1845-லிருந்து! (ஆதாரம் எங்கே என்று டாக்டர்கள் கேட்பது தனிக்கதை.) வாய்க்குள் போன மீன் திரும்பி வருமா?

டாங்கனிகாவில் வரும்!

டிராஃபியஸ் அம்மா இடுவது 5 முதல் 20 முட்டைகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் அரை சென்டிமீட்டருக்கு மேல்! அத்தனையையும் வாய்க்குள் போட்டுக்கொண்டு சுமார் நான்கு வாரம் நடமாடுவாள்!

வாயில் குஞ்சு இருக்கும்போதே பாசியைக் கொறிப்பாள். யாருக்கு? உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்கு! வாய்க்குள்ளேயே பந்தி!

'கோபி' சிக்லிட் வீட்டில் சம உரிமை! முதல் பத்துப் பன்னிரண்டு நாள் அம்மா வாயில். பிறகு அத்தனை குஞ்சும் அப்பா வாய்க்கு மாற்றம்! ஷிஃப்ட் டியூட்டி!

அம்மா வாய் உலகிலேயே பத்திரமான இடம் என்றுதானே நினைத்தீர்கள்? 'குயில் கெளுத்தி' என்று ஒருவர் அதே ஏரியில் இருக்கிறார்! புள்ளி போட்ட உடம்பு, அப்பாவி முகம். சிக்லிட் ஜோடி முட்டையிடும் நேரம் பார்த்துக் குறுக்கே பாய்வார். நாலு முட்டையைத் தின்பார், தன் முட்டைகளைச் சிதறவிட்டு ஓடுவார். அவசரத்தில் அம்மா எல்லாவற்றையும் வாயில் அள்ளிக்கொள்வாள். கெளுத்தி முட்டை முந்திக்கொண்டு பொரியும். அந்தக் குஞ்சுகளுக்கு முதல் தீனி, பக்கத்திலேயே இருக்கும் சிக்லிட் குஞ்சுகள்!

சாதோ என்ற ஜப்பானியர் 1986-ல் இதை வெளியிட்டபோது விஞ்ஞானிகளே வாய் பிளந்தார்கள். இப்போது வீட்டுத் தொட்டியிலேயே இந்த நாடகத்தை நடத்திக் கெளுத்தி பெருக்குகிறார்கள் வளர்ப்பவர்கள்! வாரக்கணக்கில் கட்டிக் காத்த அம்மா ஒருநாள் வாயைத் திறக்கிறாள். வெளியே நீந்தி வருகிறது, மீசை வைத்த பிள்ளை!