ஃபராக்கா: பழைய சராசரியை நம்பி ஒரு பங்கீடு

ஆண்டுதோறும் ஜனவரி 1 முதல் மே 31 வரை, மேற்கு வங்கத்தின் ஃபராக்கா தடுப்பணையில் இந்திய, வங்கதேசக் குழுக்கள் சேர்ந்து கங்கையை அளக்கின்றன. தடுப்பணைக்குக் கீழே ஓடுவது எவ்வளவு, ஹூக்ளி ஆற்றுக்குப் போகும் கால்வாயில் எவ்வளவு, படகுகள் கடக்கும் மதகில் எவ்வளவு என்று தினமும் பதிவாகிறது. எல்லைக்கு அப்பால், ஹார்டிஞ்ச் ரயில் பாலத்தடியிலும் இதே வேலை நடக்கிறது. 1996 டிசம்பர் 12-ல் அப்போதைய பிரதமர்கள் தேவகவுடாவும் ஷேக் ஹசீனாவும் கையெழுத்திட்ட கங்கை நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தத்தின்படி நடக்கும் அளவீடு இது. ஒப்பந்தத்தின் ஆயுள் 30 ஆண்டு. 2026 டிசம்பரோடு முடிகிறது.

கொல்கத்தா துறைமுகம் வண்டலில் தூர்ந்து போகாமலிருக்க, விநாடிக்கு 40,000 கனஅடி வரை ஹூக்ளிக்குத் திருப்புவதற்காகக் கட்டியதுதான் ஃபராக்கா தடுப்பணை. 1975-ல் இயங்கத் தொடங்கியது. மழைக்காலத்தில் யாரும் பங்கு கேட்பதில்லை. வெள்ளத்தை வேண்டாமென்று தள்ளத்தான் இடமிருக்காது. வழக்கெல்லாம் கோடைக்குத்தான்.

பங்கீடு பத்து நாளுக்கு ஒரு கணக்கு. ஃபராக்காவுக்கு வரும் நீர் 70,000 கனஅடியோ அதற்குக் குறைவோ என்றால் ஆளுக்குப் பாதி. 75,000 வரை வந்தால் வங்கதேசத்துக்கு 35,000, மீதி இந்தியாவுக்கு. அதற்கும் மேல் வந்தால் இந்தியாவுக்கு 40,000, மீதி வங்கதேசத்துக்கு. மார்ச் 11 முதல் மே 10 வரை மட்டும் தனி ஏற்பாடு: பத்து நாளுக்கு ஒருவர் என்று முறைவைத்து 35,000 கனஅடி உறுதி. ஏப்ரல் 21-30 வங்கதேசத்தின் முறை. அந்தப் பத்து நாளுக்கு ஒப்பந்த அட்டவணை காட்டும் நீர்வரத்து 60,992 கனஅடி. வங்கதேசத்துக்கு 35,000 போக, இந்தியாவுக்கு 25,992. அதற்கு முந்தைய பத்து நாள் இந்தியாவின் முறை; அப்போது வங்கதேசத்துக்குக் கிடைப்பது 27,633.

அட்டவணை கச்சிதம். ஆனால் அந்த 60,992 எங்கிருந்து வந்தது? 1949 முதல் 1988 வரையிலான 40 ஆண்டுச் சராசரி அது. அந்த வரத்தைக் காக்க மேல்மடை நாடான இந்தியா எல்லா முயற்சியும் எடுக்கும் என்று ஒப்பந்தம் சொல்கிறது; கிடைத்தே தீரும் என்று சொல்லவில்லை. 1977 உடன்பாட்டில் வங்கதேசத்தின் பங்கில் 80 சதவீதத்துக்கு உத்தரவாதம் இருந்தது. 1996 ஒப்பந்தத்தில் அது இல்லை. வரத்து 50,000-க்குக் கீழே போனால் இரு அரசுகளும் உடனே கலந்து பேச வேண்டும், அவ்வளவுதான். பேச்சுவார்த்தையால் ஆற்றில் நீர் ஏறாது.

ஃபராக்காவுக்கு மேலே நடப்பது எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. ஹரித்வாரிலும் நரோராவிலும் கால்வாய்கள் நீரை எடுக்கின்றன. உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் ஆழ்துளைக் கிணறுகள் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, கோடையில் ஆற்றுக்குள் கசியும் ஊற்று குறைகிறது. கோசி, கண்டகி போன்ற ஆறுகளை அனுப்பும் நேபாளம் ஒப்பந்தத்திலேயே இல்லை.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கத்தான் கணினி மாதிரி தேவை. மழை, பனியுருகல், மண்ணின் ஈரம், பயிர் குடிக்கும் நீர், கால்வாய்க்குப் போவது எல்லாவற்றையும் கொடுத்தால், ஆற்றில் இத்தனை ஓடும் என்று அது கணித்துத் தரும். கணிப்பு சரிதானா என்பதை ஏற்கெனவே அளந்த எண்களோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். சிக்கல் அங்கேதான். கங்கைப் படுகையின் நீரோட்டத் தரவுகளை இந்தியா ரகசியப் பட்டியலில் வைத்திருக்கிறது. வெள்ளக்கால எச்சரிக்கைத் தகவல் டாக்காவுக்குப் போகிறது. கோடைக் கணக்கு போவதில்லை. வங்கதேசத்துக்குள் வரும் கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா படுகையில் 90 சதவீதத்துக்கும் மேல் அந்நாட்டுக்கு வெளியே கிடக்கிறது. அதனால் ஜேசன்-2 செயற்கைக்கோள் ரேடாரால் அளந்த இந்திய ஆற்று மட்டங்களை வைத்து, எட்டு நாள் முன்னதாக வெள்ளம் கணிக்கும் முறையைக்கூட அங்கே முயன்றார்கள். பக்கத்து வீட்டுத் தண்ணீரை வானத்திலிருந்து எட்டிப் பார்க்கும் நிலை!

பற்றாக்குறையின் விலையைக் கொடுப்பது வங்கதேசத்தின் குல்னா பக்கத்து மக்கள். பத்மாவிலிருந்து (வங்கதேசத்தில் கங்கையின் பெயர்) பிரியும் கோராய் ஆற்றின் வாய் கோடையில் மணல்மேடாகிவிட, நன்னீர் வராத கால்வாய்களில் கடலின் உப்பு ஏறுகிறது.

இரு நாடுகளுக்கும் பொதுவாக 54 ஆறுகள். முழுப் பங்கீட்டு ஒப்பந்தம் இருப்பது கங்கைக்கு மட்டும். அதைப் புதுப்பிக்கும்போது யாருக்கு எத்தனை கனஅடி என்று மட்டும் பேரம் பேசினால் பயனில்லை. மேல்மடைத் தரவுகளை இரு தரப்பும் பார்க்க வேண்டும், கணிப்பு மாதிரியை இரு நாட்டுப் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்க வேண்டும், நேபாளத்துக்கும் அதில் இடம் வேண்டும். 1988-ல் முடிந்த சராசரியை வைத்து மறுபடி கையெழுத்திடுவது இரு நாட்டு விவசாயிக்கும் செய்யும் அநியாயம்.