காருக்கு ஏற்ற கிளச்சு



கூரம் போன்ற எங்கள் பகுதிச் சிற்றூர்களிலிருந்து இளைஞர் பலர் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் மோட்டார்த் தொழிற்சாலை வேலைக்குச் சென்று வருகின்றனர். அதே இருங்காட்டுக்கோட்டையில், ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள மோட்டார்ப் பந்தயத் தடம் ஒன்றும் 1990 முதல் இருந்துவருகிறது. அதற்கு முன்னர் இப்பந்தயங்கள் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடைபெற்றன. பந்தயத்தைக் கண்ட இளைஞருக்குத் தம் காரின் வேகத்தையும் கூட்ட வேண்டும் என்னும் ஆசை பிறப்பது இயல்பே. எஞ்சினின் வலிமையைக் கூட்டியதும், பெரும்பாலும் முதலில் தளர்ச்சி காட்டும் உறுப்பு கிளச்சு. அதற்கு மாற்றாக எதை வாங்குவது என்று என்னிடம் படித்த மாணவர் சிலரே கேட்டதுண்டு. கடையில் உள்ளவற்றுள் மிக வலியது எதுவோ அதுவே மிகச் சிறந்தது என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணம் சரிதானா என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில், கிளச்சு செய்யும் வேலை யாது? பழைய நெல் அரைவை ஆலைகளில் எண்ணெய் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் அரைவை இயந்திரம் தேவையானபோது மட்டுமே ஓடும். இதற்காக இயந்திரத்தின் தண்டில் இரண்டு கப்பிகளை அருகருகே அமைத்திருப்பார்கள். ஒன்று தண்டோடு இறுகப் பொருத்தப்பட்டது. மற்றொன்று தண்டின்மேல் சும்மா சுற்றுவது. பட்டையைச் சும்மா சுற்றும் கப்பிக்குத் தள்ளினால் இயந்திரம் நிற்கும். இறுகிய கப்பிக்கு மெல்லத் தள்ளினால் பட்டை சிறிது வழுக்கி, பின் பற்றி, இயந்திரம் ஓடத் தொடங்கும். நிற்கும் பொருளையும் சுழலும் பொருளையும் அதிர்ச்சியின்றிச் சேர்ப்பது அந்தச் சிறு வழுக்கலே. காரில் கிளச்சு செய்யும் வேலையும் இதுவே.

காரில் எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனத்த சக்கரம் ஒன்று உண்டு. அதனை ஃபிளைவீல் என்பர். அதன் முகத்தின்மேல் கிளச்சுத் தட்டும், தட்டின் பின்னே அழுத்தத் தட்டும் அமைந்துள்ளன. வலிய எஃகு வில் ஒன்று அழுத்தத் தட்டைத் தள்ளி, கிளச்சுத் தட்டை ஃபிளைவீலோடு நெருக்கிப் பிடிக்கிறது. கிளச்சுத் தட்டின் இரு புறமும் லைனிங் எனப்படும் உராய்வுப் பொருள் ஒட்டப்பட்டிருக்கும். ஓட்டுபவர் மிதியை அழுத்தும்போது வில்லின் பிடி தளர்கிறது. எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் உள்ள தொடர்பு அறுகிறது. மிதியை விடும்போது மீண்டும் பற்றுகிறது.

இவ்வாறு பற்றிய கிளச்சு எவ்வளவு திருப்பு விசையைத் தாங்கும்? பள்ளியில் நீங்கள் படித்த உராய்வு விதியே இதற்கு விடை தருகிறது. உராயும் முகங்களின் எண்ணிக்கை, உராய்வுக் குணகம், வில்லின் அழுத்த விசை, லைனிங்கின் சராசரி ஆரம் ஆகிய நான்கையும் பெருக்கினால் கிளச்சின் தாங்குதிறன் கிடைக்கும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். முகங்கள் 2, உராய்வுக் குணகம் 0.3, அழுத்த விசை 5,000 நியூட்டன், சராசரி ஆரம் 0.09 மீட்டர். பெருக்கினால் 270 நியூட்டன் மீட்டர். எஞ்சினின் உச்சத் திருப்பு விசை 180 என்றால், தாங்குதிறன் அதைப்போல் ஒன்றரை மடங்கு. லைனிங் தேய்ந்தாலும், சூடேறினாலும் வழுக்காமலிருக்க இந்த உபரி தேவை.

இனி, எஞ்சினைத் திருத்தி அதன் திருப்பு விசையை 230 ஆக உயர்த்தியதாகக் கொள்வோம். அப்போது தாங்குதிறன் 1.17 மடங்காகக் குறைந்துவிடுகிறது. புதிய தட்டு சில காலம் தாங்கலாம்; தேய்ந்த தட்டு வழுக்கும். உயர்ந்த கியரில் முடுக்கியை அழுத்தினால் எஞ்சினின் சுழற்சி விர்ரென்று ஏறுகிறது. காரின் வேகமோ ஏறுவதில்லை. இதுவே வழுக்கலின் அடையாளம்.

தாங்குதிறனைக் கூட்ட வழிகள் உள. அவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. நான் கூறுவது பணத்தால் கொடுக்கும் விலையை மட்டுமன்று.

முதல் வழி, வில்லின் விசையைக் கூட்டுதல். 5,000 நியூட்டனை 6,000 ஆக்கினால் தாங்குதிறன் 324 ஆகிறது. அதாவது 230-க்கு 1.4 மடங்கு. சாலைக்கு இது போதுமான உபரி. இதற்கு நாம் கொடுக்கும் விலை காலில் தெரியும்: அதே அமைப்பில் மிதியின் கனமும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். இது பொறுக்கத் தக்கதே. விசையை இரட்டித்தால், நெரிசலில் ஊர்ந்து செல்லும் ஒரு மாலைப் பொழுதில் இடக்கால் ஓய்ந்துவிடும்; மிதியோடு சேர்ந்த கம்பிக்கும் பேரிங்குக்கும் சுமை ஏறும்.

இரண்டாம் வழி, லைனிங்கை மாற்றுதல். உராய்வுப் பொருளின் வரலாறு சுவையானது. இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், வண்டிக்காரர்கள் சரிவில் சக்கரத்தைத் தடுக்கப் பழைய செருப்புத் தோலைப் பயன்படுத்தியதைக் கண்டு, நல்ல தடுப்புப் பொருள் செய்யும் ஆய்வில் இறங்கினார். 1897-இல் தம் தொழிலைத் தொடங்கினார். ஃபெரோடோ என்னும் பெயர் அவர் பெயரின் எழுத்துகளை மாற்றி அமைத்ததே. நம் சென்னையிலும் 1964-இல் ரானே குழுமத்தின் லைனிங் தொழில் தோன்றியது.

சாதாரணக் கார்களில் உள்ளது இழைகளும் பிசினும் கலந்து செய்த லைனிங். அதன் உராய்வுக் குணகம் சுமார் 0.3. அது மெல்லப் பற்றும், ஃபிளைவீலை அரிக்காது, ஆனால் மிகையான சூட்டில் பிடி இழக்கும். கெவ்லார் போன்ற அராமிட் இழை லைனிங்கும் மென்மையாகப் பற்றும், நெடுநாள் உழைக்கும், ஆயினும் ஒருமுறை கடுமையாகச் சூடேறினால் அதன் முகம் பளிங்குபோல் மாறி வழுக்கத் தொடங்கலாம். மூன்றாவது, உலோகத் தூளையும் பீங்கான் பொருளையும் சேர்த்துச் சுட்டுச் செய்தது. இதனைத் தட்டு முழுவதும் பரப்பாமல், நான்கு அல்லது ஆறு வில்லைகளாகப் பதிப்பர். குணகம் 0.4 என்று கொண்டால், பழைய வில்லோடேயே தாங்குதிறன் 360 ஆகிவிடும். கடும் சூட்டையும் அது தாங்கும். ஆனால் அது மெல்லப் பற்ற அறியாது. பிடியின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே மிதியின் அசைவு மிகச் சிறிதாக இருக்கும். கார் உதறிப் புறப்படும், அல்லது எஞ்சின் நின்றுவிடும்.

மூன்றாம் வழி, முகங்களைக் கூட்டுதல். இரண்டு தட்டுகள் வைத்தால் முகங்கள் 4 ஆகும். வில்லை மிகைப்படுத்தாமலேயே தாங்குதிறன் இரட்டிக்கும். மிக வலிய எஞ்சினுக்கு இது நல்ல வழி. ஆயினும் செலவு மிகுதி. மிதியை அழுத்தியிருக்கும்போது தட்டுகள் கலகலவென ஒலிப்பதும் உண்டு. நாம் எடுத்துக்கொண்ட காருக்கு இது தேவையில்லை.

இப்போது பந்தயத்தையும் தெருவையும் ஒப்பிடுவோம். ஃபார்முலா ஒன் கார்களின் கிளச்சு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அகலமே உள்ள கார்பன் தட்டுகளால் ஆனது. அதன் முதன்மையான வேலை பந்தயத் தொடக்கத்தில் காரைக் கிளப்புவது. தெருக் காரின் கிளச்சோ ஒரு நாளில் நூறு முறை கிளப்ப வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் என்ன நிகழ்கிறது? சமதரையில் எஞ்சின் ஒரே வேகத்தில் சுழல, கார் மெல்ல வேகம் பெற்று அதனோடு சேர்கிறது எனக் கொண்டால், எஞ்சின் தரும் ஆற்றலில் பாதி காரின் இயக்க ஆற்றலாகிறது. மறு பாதி கிளச்சில் வெப்பமாகிறது. ஆட்களோடு 1,200 கிலோகிராம் உள்ள கார், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் கிளச்சு முழுதும் பற்றிக்கொள்ளுமானால், அந்த வெப்பம் சுமார் 4,600 ஜூல். இது ஒரு கிலோகிராம் இரும்பை ஏறத்தாழ 10 பாகை செல்சியசு சூடாக்கப் போதும். எஞ்சினை முறுக்கி, 20 கிலோமீட்டர் வேகத்தில் பற்றவிட்டால், வெப்பம் இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு. வேகத்தின் வர்க்கம் செய்யும் வேலை இது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். உதறிப் பற்றும் கிளச்சைப் பொருத்தியவர், எஞ்சின் நின்றுவிடுமோ என்று அஞ்சி அதனை மேலும் முறுக்கிக் கிளப்புவார். தீமையைத் தவிர்க்கச் செய்யும் அச்செயலே வெப்பத்தைப் பெருக்குகிறது. வலியதை வாங்கியும் நன்மை குறைகிறது.

மற்றொரு செய்தியும் உண்டு. வலிய வில்லையும் உலோக லைனிங்கையும் ஒன்றாகப் பொருத்தினால், நம் கணக்கில் தாங்குதிறன் 432 ஆகும். எஞ்சினின் விசைக்கு ஏறக்குறைய இரு மடங்கு. திடீரெனப் பற்றும்போது எழும் அதிர்ச்சியைக் கிளச்சு சிறிது வழுக்கி விழுங்கிவிடுவது வழக்கம். அது வழுக்க மறுத்தால், அந்த அதிர்ச்சி கியர்ப் பற்களுக்கும் அச்சுத் தண்டுகளுக்கும் போய்ச் சேரும். வீட்டு மின்சாரத்தில் ஃபியூசுக்குப் பதிலாகத் தடித்த கம்பியைப் போட்டவன் நிலை இது. ஃபியூசு எரியாது, வேறொன்று எரியும்.

தட்டைத் தேர்ந்தெடுக்கையில் அதன் நடுப்பகுதியையும் பாருங்கள். சாலைக் கார்களின் தட்டில், நடுவே சிறு சுருள் வில்கள் இருக்கும். எஞ்சினின் துடிப்பைத் தணித்துக் கியர்ப் பெட்டிக்கு அனுப்புவது அவற்றின் வேலை. பந்தயத் தட்டுகள் சிலவற்றில் அவை இல்லை. எடை குறையும், இரைச்சல் கூடும். ஃபிளைவீலின் எடையை மிகக் குறைத்தாலும் இவ்வாறே: எஞ்சின் சட்டென வேகம் கொள்ளும், ஆனால் மெல்லக் கிளம்பும்போது நின்றுபோகும் இயல்பும் அதனோடு வரும்.

ஆகவே, வாங்குமுன் சில வினாக்களுக்கு விடை காணுங்கள். வழுக்கலுக்குக் காரணம் எண்ணெய்க் கசிவா, தேய்வா, உண்மையிலேயே திறன் குறைவா? கசிவானால், அதை அடைக்காமல் எந்தக் கிளச்சைப் போட்டும் பயனில்லை. எஞ்சினின் திருப்பு விசை இன்று எவ்வளவு? ஆண்டில் எத்தனை நாள் பந்தயத் தடத்தில், எத்தனை நாள் தெருவில்? பெரும்பான்மை தெருவானால், இழை லைனிங்கும், நடு வில்களும், சிறிது வலுவான அழுத்தத் தட்டும் கொண்டு, 1.3 முதல் 1.5 மடங்கு வரை தாங்கும் கிளச்சே தக்கது.

பொருத்துவதிலும் சிக்கனம் தவறான இடத்தில் வேண்டா. தட்டு, அழுத்தத் தட்டு, ரிலீஸ் பேரிங் ஆகியவற்றைச் சேர்த்தே மாற்றுவது நன்று. கியர்ப் பெட்டியை இறக்கும் கூலி ஒரு முறையோடு போகும். ஃபிளைவீலின் முகத்தையும் சோதித்து, தேவையானால் சீர்ப்படுத்த வேண்டும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அது நுரையீரலுக்குக் கேடு. ஆதலால் தூசியை வாயால் ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். புதிய லைனிங்கை, செய்தவர் கூறும் தூரம்வரை, பெரும்பாலும் சில நூறு கிலோமீட்டர், முறுக்காமல் ஓட்டிப் பழக்குங்கள்.

இவ்வளவும் ஒருவர் தம் காரைப் பற்றிய செய்தி மட்டுமன்று. கூரத்துத் தெருவில் நெல் காயும். கன்றுக்குட்டி குறுக்கே வரும். பள்ளி விட்ட பிள்ளைகள் கூட்டமாக நடப்பர். அவர்களுக்கிடையே ஓரடி ஓரடியாக ஊரத் தெரியாத கார், எத்துணை வேகமாக ஓடினாலும் தெருவுக்கு உரியதன்று. ஒருமுறை உதறிப் பாய்ந்தால் முன்னே நிற்பவருக்கு விலக நேரமிராது. கிளச்சின் உயர்வு அது எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்பதில் மட்டும் இல்லை. எவ்வளவு பதமாகப் பற்றுகிறது என்பதிலும் இருக்கிறது. நாளை நீங்கள் தொழிற்சாலையில் எந்த உறுப்பைத் தேர்ந்தாலும், அதன் வலிமையோடு, அது எங்கே, யாரிடையே வேலை செய்யப் போகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.