காருக்குள்ளும் காற்று வேண்டும்

மனிதன் உணவின்றிச் சில வாரங்கள் உயிர் தரித்திருக்கலாம். நீரின்றிச் சில நாட்கள் தாக்குப்பிடிக்கலாம். காற்றின்றியோ சில நிமிடங்களுக்கு மேல் இருத்தல் இயலாது. அவ்வாறிருந்தும், சோற்றிலே ஒரு கல் அகப்பட்டால் முகஞ்சுளிக்கின்ற நாம், கிணற்றை ஆண்டுக்கொருமுறை கலக்கி இறைக்கின்ற நாம், சுவாசிக்கும் காற்றைப் பற்றி மட்டும் சிந்திப்பதேயில்லை. வீதியிலே புகை சூழ்ந்தால் மூக்கைப் பொத்துகின்றோம். காரின் கண்ணாடிகளை உயர்த்திவிட்டால் துன்பம் தீர்ந்தது என்று எண்ணிக்கொள்கின்றோம். அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை, விஞ்ஞானம் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட நான், வகுப்பறையிலன்றி வீதியிலேதான் கற்றுக்கொண்டேன் என்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பாடசாலை விடுமுறையொன்றிலே யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குக் குடும்பத்துடன் புறப்பட்டோம். என் மனைவி, பிள்ளைகள் இருவர், காரை ஓட்டிய என் மைத்துனர், நான் என ஐவர். வெயிலுக்கு அஞ்சி இரவுப் பயணத்தையே தெரிந்துகொண்டோம். கிளிநொச்சியைக் கடந்ததும் ஒரு லொறி எமக்கு முன்னே கரும்புகை கக்கிக்கொண்டு சென்றது. மூத்த மகளுக்குத் தொய்வு நோய் உண்டாகையால், வெளிக் காற்று உள்ளே வராதவாறு அடைக்கும் பொத்தானை நானே அழுத்தினேன். சிறிது தூரத்தில் லொறியை முந்திச் சென்றோம், புகையும் மறைந்தது. பொத்தானை மீண்டும் அழுத்த வேண்டும் என்ற நினைவோ எவருக்கும் எழவில்லை.

வவுனியாவை அண்மிக்கும்போது பின்னாசனத்தில் பிள்ளைகள் துவண்டு கிடந்தனர். “அப்பா, தலையிடிக்குது” என்றாள் மகள். பயணக் களைப்பென்று தேற்றினேன். மதவாச்சிக்கு அப்பால் கார் மெல்ல மெல்ல இடப்பக்கம் சாய்ந்து, சக்கரங்கள் தார் வீதியை விட்டிறங்கிக் கிறவலிலே கரகரவென்று உராய்ந்தன. “அத்தான், கண்ணைச் செருகுது” என்று சொல்லிக்கொண்டே மைத்துனர் காரை நிறுத்தினார். எங்கள் ஊழ்வினை நன்றாயிருந்தபடியால் அவ்விடத்திலே மரமும் இல்லை, மதகும் இல்லை. கதவுகளைத் திறந்தோம். குளிர்ந்த இரவுக் காற்று முகத்தில் பட்ட சில நிமிடங்களில் பிள்ளைகளின் தலையிடி தணிந்தது. திரும்ப வந்து ஆசனத்தில் அமர்ந்தபோதுதான் அந்தச் சிறு பொத்தானின் வெளிச்சம் என் கண்ணிற் பட்டது.

பள்ளிக்கூடக் கணக்கு

மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். ஓய்வாக அமர்ந்திருக்கும் வளர்ந்தவர் ஒருவர் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 18 லீற்றர் காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றார். சிறுவர்க்கு இது சற்றுக் குறைவு. ஐவருக்கும் மொத்தமாக 80 லீற்றர் என்று கொள்வோம். சிறிய காரொன்றின் உள்ளே அடங்கும் காற்று சுமார் 3,000 லீற்றர். கார் முற்றாக அடைபட்டிருந்தால் கால் மணித்தியாலத்திலேயே 20 லீற்றர் சேர்ந்துவிடும். அதாவது பத்தாயிரத்துக்கு ஏறக்குறைய 67 பங்கு. வெளிக் காற்றிலே இவ்வாயு பத்தாயிரத்துக்கு 4 பங்குக்குச் சற்று அதிகமாக மாத்திரமே உள்ளது. உண்மையிலே எந்தக் காரும் போத்தலைப் போல் அடைபடுவதில்லை. இடுக்குகளினூடே காற்றுச் சிறிது புகவே செய்யும். ஆயினும், உள்ளிருக்கும் காற்றே திரும்பத் திரும்பச் சுழலும்போது அதன் காபனீரொட்சைட்டு வெளிக் காற்றைக் காட்டிலும் பன்மடங்காகப் பெருகிவிடுகின்றது.

இதனால் மூச்சடைத்து எவரும் இறப்பதில்லை. தலைப்பாரம், சோர்வு, தூக்கம் ஆகியனவே இதன் அறிகுறிகள். 2012ஆம் ஆண்டிலே, கலிபோர்னியாவிலுள்ள லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தின் விஞ்ஞானிகளும் பிறரும் வெளியிட்ட ஆய்வொன்று, இவ்வாயு பத்தாயிரத்துக்கு 25 பங்காக உயரும்போது முடிவெடுக்கும் திறன் குன்றுவதாகக் காட்டியது. பின்வந்த ஆய்வுகள் யாவும் அதே முடிவைத் தரவில்லை என்பதையும் கூறுதல் நேர்மையாகும். எங்கள் மைத்துனரின் கண் செருகியதற்கு உறக்கக் குறைவும் ஒரு காரணமே. ஆனால், ஏற்கெனவே களைத்திருக்கும் சாரதிக்குக் கெட்ட காற்றையும் கொடுப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பது போன்றதன்றோ?

மணமில்லா நஞ்சு

காபனீரொட்சைட்டு சோர்வைத் தருவது. அதன் உறவான காபனோரொட்சைட்டோ உயிரையே கொள்வது. பெற்றோல் முற்றாக எரியாதபோது உண்டாகும் இவ்வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நமது குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைக் காட்டிலும் இதனை 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்கின்றது. ஒட்சிசன் ஏறவேண்டிய தோணியிலே நஞ்சு ஏறி அமர்ந்துகொண்டால் உடல் என்ன செய்யும்? நிலக்கரிச் சுரங்க விபத்துக்களில் பலர் இவ்வாயுவினாலேயே மாண்டனர் என்பதை ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்ற பிரித்தானிய விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆராய்ந்து காட்டினார். அவருடைய ஆலோசனையின்படி, ஆபத்தை முன்னரே உணர்த்தும் பொருட்டுச் சிறு கனேரிப் பறவைகள் சுரங்கங்களுக்குள் கொண்டுசெல்லப்பட்டன. பிரித்தானியச் சுரங்கங்களில் அவ்வழக்கம் 1986ஆம் ஆண்டிலேதான் கைவிடப்பட்டது.

நமது காரிலே கனேரிப் பறவை இல்லை. ஆகவே புகைக்குழாயில் ஓட்டையோ வழமைக்கு மாறான இரைச்சலோ இருந்தால் நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போடலாகாது. மூடிய கராஜினுள் எஞ்சினை இயக்கிவிட்டு நிற்றலும், நிறுத்திய காரில் குளிரூட்டியை இயக்கிக் கண்ணாடிகளை மூடிக்கொண்டு உறங்குதலும் பேராபத்தாகும்.

தூசும் வடிகட்டியும்

வீதிக் காற்றிலே கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் மிதக்கின்றன. தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கான 2.5 மைக்கிரோமீற்றர் அளவுடையனவும் அதனிலும் சிறியனவும் நுரையீரலின் ஆழத்துக்கே சென்று தங்கக்கூடியவை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஒரு கன மீற்றர் காற்றில் இத்துகள்களின் ஆண்டுச் சராசரி 5 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது.

இவற்றைத் தடுப்பதற்காகவே இக்காலக் கார்கள் பலவற்றில், பெரும்பாலும் முன்னாசனப் பயணியின் முன்னேயுள்ள சிறு பெட்டியின் பின்புறமாக, காற்று வடிகட்டி ஒன்று வைக்கப்பட்டிருக்கின்றது. எஞ்சினுக்குரிய வடிகட்டி வேறு. மனிதருக்குரிய இது வேறு. எஞ்சின் எண்ணெயைத் தவணை தவறாது மாற்றுகின்ற நம்மில் எத்தனை பேர் இதனைத் திறந்து பார்த்திருக்கின்றோம்? கண்டியிலிருந்து திரும்பியபின் நான் திறந்து பார்த்தேன். சருகும் செம்மண்ணும் படிந்து அது அடுப்புக்கரித் துணியைப் போலிருந்தது. தொய்வு நோயுள்ள குழந்தையை அதன் முன்னேதான் அத்தனை நாளும் அமர்த்தியிருந்தேன்!

செய்ய வேண்டியவை

முதலாவதாக, காரின் படத்துக்குள் அம்பு வளைந்து சுழலும் பொத்தானை இனங்கண்டுகொள்ளுங்கள். புகை கக்கும் லொறியின் பின்னே செல்லும்போதும் தூசுப் படலத்தைக் கடக்கும்போதும் அதனை அழுத்துங்கள். கடந்ததும் தவறாது விடுவியுங்கள். நீண்ட பயணத்தில் வெளிக் காற்று உள்ளே வரும் நிலையே நன்று.

இரண்டாவதாக, வடிகட்டியை ஆண்டுக்கொருமுறையேனும், அல்லது 15,000 கிலோமீற்றர் ஓடியதும் மாற்றுங்கள். தூசு மிக்க வீதிகளில் ஓடும் காருக்கு அதற்கு முன்பே மாற்றுதல் வேண்டும்.

மூன்றாவதாக, குளிரூட்டியின் உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடித்து நாற்றம் வீசும். வீட்டை அடைவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னர் குளிரை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிட்டால் ஈரம் உலர்ந்துவிடும். நாற்றத்தை வாசனைத் திரவியத்தால் மறைப்பது, அழுக்கு உடலுக்குச் சந்தனம் பூசுவதையே ஒக்கும்.

நான்காவதாக, காருக்குள் எவரும் புகைபிடிக்க இடமளியாதீர்கள். சிறுவர் இருக்கும் காரில் புகைபிடிப்பதை இங்கிலாந்து 2015இல் சட்டத்தினாலேயே தடைசெய்தது. நமக்குச் சட்டம் வேண்டுமா? பிள்ளைப் பாசம் போதாதா?

ஐந்தாவதாக, வெயிலில் நின்ற காரின் கதவுகளைத் திறந்து வெப்பக் காற்றை வெளியேற்றிய பின்னரே ஏறுங்கள். எக்காரணங்கொண்டும் குழந்தையைத் தனியே உள்ளே விட்டுச் செல்லாதீர்கள். அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெயிலில் மூடிநிற்கும் காரின் வெப்பநிலை ஒரு மணித்தியாலத்தில் சராசரியாக 22 பாகை செல்சியஸ் உயர்கின்றது; அவ்வுயர்வில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணித்தியாலத்திலேயே நிகழ்ந்துவிடுகின்றது. கண்ணாடியைச் சிறிது இறக்கிவைப்பதால் பயன் மிகச் சொற்பமே.

இவற்றுள் எதற்கும் பெரும் பணம் வேண்டியதில்லை. சிறிது கவனமே வேண்டும். இறைக்காத கிணற்று நீர் கெடுவதைப் போலவே, மாற்றாத காற்றும் கெடுகின்றது. அடைக்க வேண்டிய வேளையில் அடைத்தலும் திறக்க வேண்டிய வேளையில் திறத்தலுமே இதன் முழு இரகசியம். அன்றிரவு நான் முதற்பாதியைச் செய்து பிற்பாதியை மறந்தேன். இப்பொழுது காரில் ஏறியதும் என் மகள் கேட்கும் முதற்கேள்வி, “அப்பா, அம்பு எந்தப் பக்கம்?” என்பதேயாகும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அவ்வாறு கேட்கப் பழகுவார்களாயின், வகுப்புக்கு வெளியே நான் கற்ற பாடம் வீண்போகவில்லை என்று மகிழ்வேன்.