'நான் இப்போது அலுவலகத்தில் இல்லை!' - லாரி டிரைவர்களிடம் பேசிய சாலைப் பலகை... தப்பும் தவறுமான நெடுஞ்சாலை போர்டுகளின் கதை

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஸ்வான்சீ என்றொரு நகரம். 2008-ல் அங்கே ஒரு சாலை முனையில் புதுப் பலகை ஒன்று வைக்கப்பட்டது. மேலே ஆங்கிலத்தில், 'கனரக வாகனங்கள் நுழையக் கூடாது. குடியிருப்புப் பகுதி மட்டும்' என்று இருந்தது. கீழே அதே செய்தி வேல்ஸ் மொழியில் இருக்க வேண்டும். ஆனால், அங்கே எழுதப்பட்டிருந்தது இதுதான்: 'நான் இப்போது அலுவலகத்தில் இல்லை. மொழிபெயர்க்க வேண்டியது ஏதேனும் இருந்தால் அனுப்பி வைக்கவும்.'

நடந்தது என்ன? வேல்ஸில் சாலைப் பலகைகள் இரு மொழிகளிலும் இருந்தாக வேண்டும். நகர நிர்வாகம் ஆங்கில வாசகத்தை மொழிபெயர்ப்பாளருக்கு இமெயில் அனுப்பியது. அவர் விடுப்பில் இருந்ததால், தானியங்கி பதில் வேல்ஸ் மொழியில் வந்து விழுந்தது. அதுதான் மொழிபெயர்ப்பு என்று நினைத்துப் பெரிய எழுத்தில் அடித்து, கம்பம் நட்டு மாட்டிவிட்டார்கள். அந்த மொழி தெரிந்தவர்கள் பார்த்துச் சிரித்து, சுட்டிக்காட்டிய பிறகுதான் பலகை கழற்றப்பட்டது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அதே வேல்ஸில், கார்டிஃப் நகரத்தில் இதைவிட ஆபத்தான ஒரு தவறு நடந்தது. பாதசாரிகளுக்கான பலகையில் ஆங்கிலம், 'வலது பக்கம் பார்க்கவும்' என்றது. வேல்ஸ் மொழியோ, 'இடது பக்கம் பார்க்கவும்' என்றது. எந்த மொழியில் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து, வண்டி வரும் பக்கம் மாறிவிடும்!

இதுபோன்ற பலகைகளைத் தேடிப்பிடித்துப் படம் எடுப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அமெரிக்காவில் இவர்களுக்கு 'ரோட்கீக்' என்று பெயர். ரயில் எண்களைக் குறித்துவைக்கும் ரயில் பிரியர்களைப் போல, இவர்கள் சாலைப் பிரியர்கள். எந்தச் சந்திப்பில் பழைய பலகை மிச்சம் இருக்கிறது, எங்கே எண் தவறாக இருக்கிறது, எங்கே அம்புக்குறி வேறு பக்கம் காட்டுகிறது என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. வீட்டில் உள்ளவர்கள் தலையில் அடித்துக்கொண்டாலும், விடுமுறைப் பயணத்தில் போர்டைப் பார்த்து வண்டியை ஓரம்கட்டுபவர்கள்!

வேடிக்கையாகத் தோன்றினாலும், இவர்கள் சேர்த்துவைத்திருப்பதைப் பார்த்தால் ஒன்று புரியும். ஒவ்வொரு போர்டுக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கிறது. சிலவற்றின் பின்னால் உயிர்களும் இருக்கின்றன.

ஐந்தே நொடிகள்!

சாலைப் பலகையில் ஓர் எழுத்து தவறினால் என்ன குடிமுழுகிவிடும் என்று தோன்றலாம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அமெரிக்க விதிகளின்படி, எழுத்தின் உயரம் ஓர் அங்குலம் என்றால் அதை 30 அடி தூரத்திலிருந்து படிக்க முடியும் என்று கணக்கிடுகிறார்கள். நெடுஞ்சாலையில் தலைக்கு மேல் தொங்கும் பெரிய பலகையில் 16 அங்குல எழுத்து இருந்தால், 480 அடி தூரத்திலிருந்து படிக்கலாம். மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 97 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு நொடியில் 88 அடியைக் கடந்துவிடும். ஆக, அந்தப் பலகையைப் படித்து, புரிந்துகொண்டு, எந்தப் பாதைக்கு மாறுவது என்று முடிவெடுக்க டிரைவருக்குக் கிடைப்பது ஐந்தரை நொடிகள்தான்.

அந்த ஐந்தரை நொடிக்குள் குழப்பம் வந்தால், கடைசி நேரத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்புவார்கள். பின்னால் வருபவர் பிரேக் அடிப்பார். விபத்து பிறக்கும் இடம் அதுதான்.

எல்லாத் தவறுகளும் இவ்வளவு ஆபத்தானவை அல்ல. 2010-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஒரு பள்ளிக்கு அருகே சாலையில் 'ஸ்கூல்' என்று ஆங்கிலத்தில் பெயின்ட் அடித்தார்கள். 'எஸ்'ஸுக்கு அடுத்து 'சி, எச்' என்று வர வேண்டிய இடத்தில் 'எச், சி' என்று மாற்றி எழுதிவிட்டார்கள். பள்ளிக்கூடத்து வாசலிலேயே எழுத்துப்பிழை! படம் நாடு முழுக்கப் பரவியது. பிறகு அழித்துவிட்டுச் சரியாக எழுதினார்கள்.

மஞ்சள் நிற 'ஸ்டாப்' போர்டு

ரோட்கீக்குகள் தவறுகளை மட்டும் தேடுவதில்லை. காலம் மறந்துவிட்டுப்போன பழைய போர்டுகள்தான் அவர்களுக்குப் புதையல்.

'ஸ்டாப்' என்றதும் சிவப்பு நிற எண்கோணப் பலகை நம் கண்முன் வருகிறது. ஆனால், 1915-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் வைக்கப்பட்ட ஸ்டாப் போர்டு, வெள்ளைச் சதுரத்தில் கறுப்பு எழுத்துகள் கொண்டது. 1920-களில் எண்கோண வடிவம் வந்தது. நிறம் மட்டும் சிவப்பு இல்லை, மஞ்சள்! ஆபத்துக்குச் சிவப்பு என்பது அப்போதும் தெரியும்தான். ஆனால், அன்றைய சிவப்புப் பெயின்ட் வெயிலில் சீக்கிரம் வெளிறிவிடும். இரவில் சரியாகத் தெரியாது. வெளிறாத சிவப்புப் பூச்சு கிடைத்த பிறகு, 1954-ல்தான் சிவப்பு நிறம் விதியானது. அதனால், எங்கோ ஒரு மூலையில் மஞ்சள் ஸ்டாப் போர்டு ஒன்று கண்ணில் பட்டால், சாலைப் பிரியர்களுக்கு அன்று திருவிழாதான்.

'பட்டன் காப்பி' என்பது இன்னொரு அரிய வகை. அந்தப் பலகைகளில் ஒவ்வோர் எழுத்தின் மீதும் சின்னச் சின்னப் பொத்தான்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். இரவில் காரின் ஹெட்லைட் பட்டால் பொத்தான்கள் ஜொலிக்கும், எழுத்து தெரியும். ஒளியைத் திருப்பி அனுப்பும் ஸ்டிக்கர் போன்ற தாள்கள் வந்த பிறகு, முழுப் பலகையுமே பளிச்சிட ஆரம்பித்தது. பொத்தான்களுக்கு வேலை போய்விட்டது. கலிபோர்னியா, அரிசோனா போன்ற மாநிலங்களில் மிச்சம் இருந்தவையும் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டு வருகின்றன.

பிரிட்டனில் 1965-க்கு முந்தைய பலகைகளுக்குத்தான் மவுசு. அந்த ஆண்டின் முதல் நாளில்தான் ஜாக் கின்னியர், மார்கரெட் கால்வெர்ட் என்ற இரு வடிவமைப்பாளர்கள் உருவாக்கிய புதிய பலகைகள் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன்பு பள்ளி இருப்பதைக் குறிக்க, எரியும் தீப்பந்தம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். அறிவுச்சுடராம்! வேகமாக வரும் டிரைவருக்கு அது என்ன புரியும்? கால்வெர்ட் அதை மாற்றி, ஒரு சிறுமி தன்னைவிடச் சின்னப் பையனைக் கைபிடித்து அழைத்துப்போவது போல வரைந்தார். அந்தச் சிறுமிக்கு மாடல், சின்ன வயது கால்வெர்ட்டேதான். கால்நடை எச்சரிக்கைப் பலகையில் இருக்கும் பசுவும் உண்மையானது. அவருடைய உறவினரின் பண்ணையில் இருந்த அதன் பெயர், பேஷன்ஸ். நம் மொழியில், பொறுமை!

கிலோமீட்டருக்கு மாறிய ஒரே சாலை

அமெரிக்காவில் இன்றும் மைல் கணக்குதான். ஆனால், அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரிலிருந்து மெக்சிகோ எல்லையில் உள்ள நொகாலஸ் வரை போகும் 'இன்டர்ஸ்டேட் 19' நெடுஞ்சாலையில் மட்டும் தூரப் பலகைகள் கிலோமீட்டரில் இருக்கின்றன. சுமார் 100 கிலோமீட்டர் நீளம். 1970-களில் நாடே மெட்ரிக் முறைக்கு மாறப்போகிறது என்ற நம்பிக்கையில் வைத்த போர்டுகள் அவை. நாடு மாறவில்லை, சாலை மட்டும் மாறிவிட்டது! இதில் வேடிக்கை என்னவென்றால், வேக வரம்பு மட்டும் மணிக்கு இத்தனை மைல் என்றே இருக்கிறது.

பிறகு இதையும் மைலுக்கே மாற்ற அரசு முயன்றபோது, சாலையோரத்துக் கடைக்காரர்களும் விடுதிக்காரர்களும் எதிர்த்தார்கள். கிலோமீட்டர் கணக்கில் வந்த வழி எண்ணைத்தானே அவர்கள் விளம்பரங்களிலும் விசிட்டிங் கார்டுகளிலும் அச்சடித்திருக்கிறார்கள்? நமக்கும் இது புதிதல்ல. கிலோமீட்டருக்கு மாறி எத்தனையோ வருடங்கள் ஆகியும், சாலையோரக் கல்லை நாம் இன்னும் 'மைல்கல்' என்றுதானே சொல்கிறோம்!

திருடர்களுக்குப் பயந்த எண்கள்

கொலராடோ மாநிலத்தில் 'இன்டர்ஸ்டேட் 70' சாலையில் 420-வது மைலைக் குறிக்கும் பலகை அடிக்கடி காணாமல் போனது. காரணம், '420' என்பது அங்கே கஞ்சாவைக் குறிக்கும் சங்கேத எண். நினைவுப் பொருளாகக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். வைத்து வைத்துச் சலித்த அதிகாரிகள், 2014-ல் ஒரு தந்திரம் செய்தார்கள். '419.99' என்று எழுதிவைத்துவிட்டார்கள்!

சாத்தானின் எண் என்று கருதப்படும் 666-ஐத் தாங்கிய நெடுஞ்சாலைக்கும் இதே கதி. பலகைகள் தொடர்ந்து திருடு போயின. எண்ணைப் பற்றிய பயமும் சேர்ந்துகொண்டது. 2003-ல் அதன் எண் 491 என்று மாற்றப்பட்டது. புகழ்பெற்ற 'ரூட் 66' சாலை, 1985-ல் தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. ஆனாலும் ரசிகர்கள் விடவில்லை. பலகை வைத்தால் திருடிப்போகிறார்கள் என்பதால், பல இடங்களில் அந்தச் சின்னத்தைத் தரையிலேயே பெயின்ட் அடித்துவிட்டார்கள். தார் ரோட்டை யார் பெயர்த்துக்கொண்டு போக முடியும்?

மைல் பலகை திருடு போவது சிரிப்பான செய்தியாகத் தெரியலாம். ஆனால், நெடுஞ்சாலையில் விபத்து நடந்தால், ஆம்புலன்ஸுக்கு இடத்தைச் சொல்ல உதவுவது அந்த எண்தான். அதனால்தான், வெறும் கம்பமாக விடாமல் 419.99 என்றாவது எழுதி வைக்கிறார்கள்.

ஓடும் குடும்பம்

சாலைப் பிரியர்கள் அதிகம் பேசும் இன்னொரு பலகை, யாரையும் சிரிக்க வைக்காது. மஞ்சள் பின்னணியில் மூன்று கறுப்பு உருவங்கள். முன்னால் அப்பா, பின்னால் அம்மா, அம்மாவின் கையைப் பிடித்தபடி கால் தரையில் பாவாமல் இழுபட்டு ஓடும் இரட்டைச் சடைச் சிறுமி. மேலே, 'எச்சரிக்கை' என்று ஒரே ஒரு சொல்.

கலிபோர்னியாவின் சான் டியாகோ அருகே, மெக்சிகோ எல்லையை ஒட்டிய 'இன்டர்ஸ்டேட் 5' நெடுஞ்சாலையில் 1990-களின் தொடக்கத்தில் வைக்கப்பட்ட பலகை இது. எல்லை தாண்டி வந்தவர்கள், குடும்பம் குடும்பமாக அந்த அகலமான சாலையின் குறுக்கே ஓடினார்கள். வேகமாக வந்த வாகனங்களில் அடிபட்டு ஏராளமானோர் இறந்தார்கள். மான் குறுக்கே வரும், மாடு குறுக்கே வரும் என்று எச்சரிக்கப் படங்கள் இருந்தன. மனிதர்கள் குடும்பத்தோடு ஓடிவருவார்கள் என்று சொல்ல ஒரு படம் இல்லை.

அதை வரைந்தவர், மாநிலப் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்த ஜான் ஹூட். நவாஹோ பழங்குடியைச் சேர்ந்தவர். வியட்நாம் போரில் பங்கேற்றவர். சிறுமியைப் படத்தில் சேர்த்ததற்குக் காரணம் இருந்தது. பெரியவர்கள் ஓடினால் கண்டுகொள்ளாமல் போகும் டிரைவரும், ஒரு குழந்தையைப் பார்த்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார்.

பின்னர் சாலையின் நடுவே வேலி போடப்பட்டது. குறுக்கே ஓடுவது குறைந்தது. பழுதான பலகைகளுக்குப் பதில் புதியவை வைக்கப்படவில்லை. 2018-க்குள் கடைசிப் பலகையும் மறைந்துவிட்டது. படம் மட்டும் டி-ஷர்ட்களிலும் போஸ்டர்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

யாரும் கேட்காமல் திருத்தியவர்

தவறான பலகையைப் பார்த்தால் படம் எடுப்போம், புகார் கொடுப்போம். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து ஓவியர் ரிச்சர்டு ஆங்க்ரம் என்ன செய்தார் தெரியுமா? அவரே திருத்திவிட்டார்!

நகரின் மையத்தில் 110-ம் எண் சாலையில் வடக்கே போகும்போது, 'இன்டர்ஸ்டேட் 5' சாலைக்கான வழி இடது பக்கம் பிரியும். ஆனால், தலைக்கு மேலிருந்த பெரிய பலகையில் அந்த 5-ம் எண்ணே இல்லை. விஷயம் தெரியாதவர்கள் வழியைத் தவறவிட்டார்கள். அல்லது கடைசி நொடியில் குறுக்கே புகுந்தார்கள். ஆங்க்ரமும் ஒருமுறை அப்படித் தவறவிட்டவர்தான்.

அரசு விதிகளைத் தேடிப் படித்தார். எழுத்தின் அளவு, நிறம், உலோகத் தகடு எல்லாவற்றையும் அப்படியே பின்பற்றி, '5' எண் சின்னத்தையும் 'வடக்கு' என்ற சொல்லையும் செய்தார். புதிது என்று தனியாகத் தெரிந்துவிடக் கூடாதே என்று, மேலே லேசாகச் சாம்பல் நிறத்தையும் தூவினார். 2001 ஆகஸ்ட் 5 அன்று காலை, தலையில் ஹெல்மெட், ஆரஞ்சு நிறச் சட்டை சகிதம், சாலைப் பணியாளர் போல ஏறி, பட்டப்பகலில் மாட்டிவிட்டு இறங்கினார். கீழே ஆயிரக்கணக்கான கார்கள் போய்க்கொண்டிருந்தன. யாரும் எதுவும் கேட்கவில்லை.

பல மாதங்கள் கழித்து, 2002-ல் செய்தி வெளியான பிறகே போக்குவரத்துத் துறைக்கு விஷயம் தெரிந்தது. அதிகாரிகள் வந்து பரிசோதித்தார்கள். எல்லாம் விதிப்படி, உறுதியாக இருந்தது. எனவே, அகற்றாமல் அப்படியே விட்டுவிட்டார்கள்! 2009-ல் அந்தப் பழைய பலகை மாற்றப்பட்டபோது, அரசே வைத்த புதிய பலகையில் 5-ம் எண்ணும் 'வடக்கு' என்ற சொல்லும் இடம்பிடித்தன.

அனுமதியில்லாமல் நெடுஞ்சாலைப் பலகையில் ஏறுவது சட்டப்படி குற்றம்; உயிருக்கும் ஆபத்து. ஆகவே, இதை யாரும் முயன்று பார்க்க வேண்டாம். ஆனால், ஆங்க்ரம் கவனித்ததை நாமும் கவனிக்கலாம். அலுவலகத்தில் உட்கார்ந்து பலகை எழுதுபவருக்கு அந்தச் சாலை பழக்கமாக இருக்காது. தினமும் போய் வருபவருக்கு வழி தெரியும் என்பதால், அவர் பலகையையே பார்ப்பதில்லை. தவறு இந்த இருவருக்கும் நடுவில்தான் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கிறது. வெளியூர்க்காரர்தான் அதில் போய் மாட்டிக்கொள்கிறார்.

அடுத்த முறை உங்கள் ஊர் எல்லையைத் தாண்டும்போது, வழி தெரியாத ஒருவராக நினைத்துக்கொண்டு அந்தப் பலகையை ஒருமுறை படித்துப் பாருங்கள். அம்புக்குறி சரியான பக்கம் காட்டுகிறதா? ஊர்ப் பெயரில் பிழை இருக்கிறதா? மரக்கிளை மறைக்கிறதா? வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்திவிட்டு ஒரு படம் எடுத்து, நெடுஞ்சாலைத் துறைக்கு அனுப்புங்கள்.

நீங்கள் பார்த்ததிலேயே விநோதமான சாலைப் பலகை எது? கமென்ட்டில் சொல்லுங்கள்!