ஒரே இலக்கம், வேறு வேறு குணம்: பொலியெஸ்டரில் கலப்பு செய்யும் வேலை

தண்ணீர்ப் போத்தலின் அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 1 எண்டு இருக்கும். பெட் என்னும் பொலியெஸ்டரின் அடையாளம் அது. உடுக்கும் பொலியெஸ்டர் துணியின் நூலும் பெரும்பாலும் இதே பொருள்தான். 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் உருவாக்கியது இது. டெரெப்தலிக் அமிலமும் எத்திலீன் கிளைக்கோலும் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலி எண்டு சொல்லலாம்.

உருகிய பெட் ஆறும்போது இந்தச் சங்கிலிகளில் ஒரு பகுதி பக்கம் பக்கமாக அடுங்கிப் பளிங்காகிறது. மற்றப் பகுதி ஒழுங்கில்லாமலே கிடக்கும். அந்தப் பளிங்கைக் கலைக்க ஏறத்தாழ 260 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதுவே உருகுநிலை.

சங்கிலியில் வேறோர் உறுப்பைக் கலந்தால் என்ன நடக்கும்? கலியாண வீட்டில் சஹன்களைக் கழுவி அடுக்குவதை நினைத்துப் பாருங்கள். ஒரே அச்சுச் சஹன் எண்டா அடுக்கு உயர்ந்துகொண்டே போகும். விளிம்பு நெளிந்த ஒண்டு இடையில் வந்தா, அதற்கு மேல் ஒழுங்காக அடுக்க ஏலாது. ஐசோப்தலிக் அமிலம் அப்படிப்பட்டது. அணுக்கள் டெரெப்தலிக் அமிலத்தில் உள்ளவைதான். ஆனால் இரு கைகளும் நேரெதிரே இல்லாமல் சாய்ந்து நிற்கின்றன. அந்த இடத்தில் சங்கிலி வளைகிறது. வளைவுகளுக்கு இடைப்பட்ட நேரான துண்டுகள் மட்டுமே அடுங்குவதால் பளிங்கு மெலிகிறது. மெலிந்த பளிங்கு குறைந்த சூட்டிலேயே உருகும். உருவாகவும் கூடிய நேரம் எடுக்கும்.

போத்தல் செய்பவர்களுக்கு இந்தத் தாமதம்தான் தேவை. போத்தலாக ஊத முன்னர் வார்க்கும் குழாய் தடித்தது. அது ஆறும்போது பளிங்கு பெருகினால் வெள்ளையாக மங்கிவிடும். ஆகவே நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு ஐசோப்தலிக் அமிலம் சேர்க்கிறார்கள். உருகுநிலை 250 பாகையளவுக்கு இறங்குகிறது. போத்தலும் தெளிவாக இருக்கிறது.

கிளைக்கோலில் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பங்கை எடுத்துவிட்டு, சைக்ளோஹெக்சேன் டைமெத்தனோலைப் போட்டால் கிடைப்பது பெட்-ஜி. இது பளிங்காவதே இல்லை. ஆகவே இதற்கு உருகுநிலையும் இல்லை. 80 பாகையளவில் இளகத் தொடங்கும். ஆனால் கிளைக்கோல் முழுவதையும் மாற்றிவிட்டால் பளிங்கு திரும்பவும் வரும். உருகுநிலை 290 பாகையை அண்மிக்கும். புதிய உறுப்பைக் குறை சொல்ல ஏலாது. இரண்டும் கலந்து கிடப்பதுதான் ஒழுங்கைக் குலைக்கிறது.

இதன் விளைவு மீள்சுழற்சியில் தெரியும். பழைய போத்தல்களைச் சீவலாக்கி, உருக்க முன் 150 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் உலர்த்துவார்கள். ஈரம் மிஞ்சினா உருகும்போது சங்கிலி அறுந்துபோகும். பெட் சீவல் பளிங்கின் பலத்தில் அந்தச் சூட்டைத் தாங்கும். கூட வந்த பெட்-ஜி சீவல் பசையாகி, மற்றச் சீவல்களையும் கட்டியாக்கிவிடும்.

இதனால்தான் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2017இல் சட்டமியற்றி, உருகுநிலை 225க்கும் 255 பாகைக்கும் இடையே உள்ளதையே பெட் எண்டு வரையறுத்தது. அப்படியொரு வரையறை இல்லாத இடத்தில், 1 எண்டு போட்ட எல்லாவற்றையும் ஒரே சாக்கில் சேர்த்தாப் போதும் எண்டு இருக்க ஏலாது.