கையருகே உள்ள வியப்புகள்

பேய்க்கணவாய்க்கு மூன்று இதயங்கள் உண்டு. வெள்ளி என்னும் கோள் சூரியனை ஒருமுறை சுற்றிவர 225 நாள்கள் ஆகின்றன. ஆனால் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ள அதற்கு 243 நாள்கள் வேண்டும். இத்தகைய செய்திகளை இதழ்களின் மூலையில் படித்து வியக்கிறோம், வீட்டில் உள்ளவர்களைக் கூப்பிட்டுச் சொல்கிறோம், மறுநாள் மறந்துவிடுகிறோம். வியப்பு என்பது கடலுக்கு அப்பாலோ விண்ணுக்கு மேலோதான் இருக்கும் என்ற எண்ணம் நம்முள் எப்படியோ வேரூன்றிவிட்டது.

பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலங்களில் வாழும் தமிழராகிய நம்மிடம் இந்த எண்ணம் இன்னும் சற்று மிகுதி. பிறந்த ஊரின் தலபுராணம் நமக்கு மனப்பாடம். வாழும் ஊரைப் பற்றியோ வீட்டு வாடகையும் வண்டி நேரமும் தெரிந்தால் போதும் என்று இருந்துவிடுகிறோம். "இது நம் ஊரா, அப்பா?" என்று குழந்தை கேட்கும்போது சட்டென்று விடை வருவதில்லை. ஆகவே இன்று நம்மவர் பெருந்தொகையினராக வாழும் பெங்களூரை எடுத்துக்கொண்டு, அதன் வியப்புகள் சிலவற்றைக் காண்போம்.

வியப்புகளில் இரு வகை உண்டு. ஒன்று, கேட்டவுடன் முடிந்துபோவது. 1896 ஆம் ஆண்டில் இளம் படை அதிகாரியாகப் பெங்களூருக்கு வந்த வின்ஸ்டன் சர்ச்சில், இங்கிருந்த மன்றத்திற்கு 13 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனார். 1899 ஆம் ஆண்டின் குறிப்பேட்டில், வசூலிக்க இயலாத கடன்களின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. பிற்காலத்தில் ஒரு பேரரசின் பிரதமரானவர் பதின்மூன்று ரூபாய்க் கடனாளி என்று எண்ணிச் சிரிக்கிறோம். அத்துடன் செய்தி முடிந்தது. மற்றொரு வகை, "ஏன்?" என்ற கேள்வியை எழுப்பி நம்மை மேலும் அழைத்துச் செல்வது. அவ்வகையே நமக்குப் பயன் தருவது.

வியப்பை நம்புமுன் உரசிப் பார்க்கவும் வேண்டும். பெங்களூருக்கு அப்பெயர் வந்ததற்கு ஒரு கதை வழங்குகிறது. காட்டில் வழி தவறிய வீர வல்லாளன் என்னும் ஹொய்சள மன்னனுக்கு ஒரு கிழவி வெந்த பயறு கொடுத்தாளாம். அதனால் 'வெந்த பயற்றூர்' என்னும் பொருள்படக் கன்னடத்தில் 'பெந்த காளூரு' என்று பெயர் அமைந்ததாம். கதை இனியதுதான். ஆனால் நகரின் தென்புறத்தில் உள்ள பேகூரில் கங்கர் காலத்து வீரக்கல் ஒன்று கிடைத்துள்ளது. ஏறத்தாழ 890 ஆம் ஆண்டினதாகிய அக்கல், பெங்களூரில் நடந்த ஒரு போரைக் குறிப்பிடுகிறது. வீர வல்லாளன் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னரே ஊருக்குப் பெயர் இருந்தது! இனிய கதையைவிடக் கரடுமுரடான கல் நம்பத்தக்கது என்பதற்கு இது நல்ல சான்று.

கல்வெட்டு என்றதும் நமக்கு நெருக்கமான மற்றொரு செய்தியும் நினைவுக்கு வருகிறது. மடிவாளத்துச் சோமேசுவரர் கோயிலிலும், தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலிலும் 13 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. தொம்மலூருக்குத் தேசிமாணிக்கப் பட்டணம் என்ற பெயரும் அவற்றில் காணப்படுகிறது. கெம்பே கௌடர் 1537 இல் கோட்டை எழுப்பி இன்றைய நகருக்கு அடிகோலுவதற்கு முன்பே, கன்னடமும் தமிழும் இந்த மண்ணில் அருகருகே கல்லில் எழுதப்பட்டன. இதைச் சொல்வது உரிமை கொண்டாடுவதற்கு அன்று. அண்டை வீட்டாராக இருப்பது நமக்குப் புதிதன்று என்பதை நினைவூட்டுவதற்கே.

இனி, ஒரு தண்ணீர்த் தொட்டியின் கதை. 1883 ஆம் ஆண்டில் ரொனால்ட் ராஸ் என்னும் இருபத்தாறு வயது படை மருத்துவர் பெங்களூரில் பணியாற்ற வந்தார். தாம் தங்கிய பங்களாவில் கொசுத் தொல்லை தாங்காமல் காரணம் தேடினார். சன்னலுக்கு வெளியே இருந்த தொட்டி நீரில் கொசுப் புழுக்கள் நெளிவதைக் கண்டார். தொட்டியைக் கவிழ்த்தார், கொசு குறைந்தது. மற்ற இடங்களிலும் இவ்வாறே நீரைக் கொட்டிவிடலாம் என்று அவர் உடனிருந்த அதிகாரியிடம் சொன்னபோது, இயற்கையின் ஒழுங்கைக் குலைக்கலாகாது என்று அவ்வதிகாரி மறுத்துவிட்டாராம். ராஸ் அத்துடன் விடவில்லை. 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதைக் கண்டறிந்தார். 1902 இல் நோபல் பரிசு அவரை அடைந்தது. இன்றும் நகராட்சி ஊழியர் வீடு வீடாக வந்து, பூந்தொட்டித் தட்டிலும் பழைய டயரிலும் தேங்கிய நீரைக் கொட்டச் சொல்கிறார்கள் அல்லவா? அந்த அறிவுரைக்குப் பெங்களூர்த் தொட்டி ஒன்றும் முன்னோடி.

அடுத்து வாணத்தைப் பார்ப்போம். பெங்களூரின் பழைய பேட்டைப் பகுதியில் தாராமண்டல்பேட்டை என்று ஒரு பெயர் உண்டு. ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில் போர் வாணங்களோடு தொடர்புடையதாயிருந்த இடம் அது. வாணம் உலகுக்குப் புதிதன்று. சீனரும் பிறரும் முன்பே அறிந்ததுதான். மைசூரார் செய்த புதுமை, மருந்தை இரும்புக் குழாயில் அடைத்தமையே. மூங்கிலோ காகிதமோ தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கும். ஆகவே வாணம் மேலும் வேகமாக, மேலும் தொலைவாகப் பாய்ந்தது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஆங்கிலப் படை பெருந்தோல்வி அடைந்த போரில் இவ்வாணங்களும் பங்கு பெற்றன. 1799 இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவற்றில் சில இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவற்றைப் பின்பற்றி வில்லியம் காங்கிரீவ் என்பவர் புதிய வாணங்களைச் செய்தார். 1814 இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர்க் கோட்டைமீது ஆங்கிலேயர் ஏவியவை அவையே. அந்த இரவின் செந்நிற ஒளியைக் கண்டு எழுதப்பட்ட பாடலே பின்னர் அமெரிக்க நாட்டுப் பண்ணாயிற்று. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் இளமையில் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ராக்கெட் தளத்திற்குச் சென்றபோது, திப்புவின் வாணப்படையைச் சித்திரிக்கும் ஓவியம் அங்கே மாட்டப்பட்டிருக்கக் கண்டதாகத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். இன்று இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரிலேயே இருக்கிறது.

மின்விளக்கைப் பற்றியும் ஒரு செய்தி. ஆசியாவிலேயே முதன்முதலாக மின்விளக்கு எரிந்த தெரு பெங்களூர்த் தெருவே என்று அடிக்கடி கேட்கிறோம். 1905 ஆகஸ்டில் இந்நகரத் தெருக்களில் மின்விளக்குகள் ஏற்றப்பட்டது உண்மை. ஆனால் சீனத்து ஷாங்காய் நகரில் 1882 இலேயே மின்விளக்குகள் எரிந்தன. எனவே முதன்மைப் பட்டத்தை விட்டுவிடலாம். அதைக் காட்டிலும் பெரிய வியப்பு, அம்மின்சாரம் வந்த வழியில் இருக்கிறது. காவிரி விழும் சிவசமுத்திரத்தில் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் திட்டமிடப்பட்ட மின்நிலையம் 1902 இல் இயங்கத் தொடங்கியது. அதன் மின்சாரம் முதலில் சென்றது அரண்மனைக்கும் அன்று, நகரத்துக்கும் அன்று. ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவில் இருந்த கோலார் தங்கவயலுக்கு. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்கம்பித் தடங்களுள் அது ஒன்று. மூன்றாண்டுகள் கழித்தே நகரத் தெருக்கள் ஒளி பெற்றன.

தங்கவயலில் உழைத்தவர் யார்? வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடும்பத்தோடு சென்ற தமிழரே அவர்களுள் பெரும்பாலோர். அவர்கள் தோண்டிய சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்ந்தது. கீழே பாறையே கொதிக்கும். சில வேளைகளில் அழுத்தம் தாங்காமல் வெடித்து ஆட்களைப் பலிகொள்ளும். அந்த இருளில்தான் 1965 இல் ஓர் அரிய நிகழ்ச்சி நடந்தது. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதும்போது நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் தோன்றுகின்றன. பூமியின் மேற்பரப்பில் பிற துகள்களின் ஆரவாரத்தில் அவற்றை இனம்காண இயலாது. பிற துகள்கள் ஆழ்ந்த பாறையில் தடுக்கப்படும். நியூட்ரினோவோ பாறையையும் ஊடுருவும். ஆகவே இந்திய, ஜப்பானிய, ஆங்கில விஞ்ஞானிகள் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை அமைத்துக் காத்திருந்து, அதன் சுவட்டைக் கண்டனர். அதே ஆண்டில் தென் ஆப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அது புலப்பட்டது. விண்ணை ஆராய மண்ணுக்குள் போனார்கள். அந்த வழியைக் குடைந்து வைத்தவர்கள் நம் கூலித் தொழிலாளர்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் பலர் இன்று விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து திரும்புகின்றனர். விஞ்ஞான நூல்களில் இடம்பெற்ற அச்சுரங்கத்தின் பெயருக்குப் பின்னால் அந்தக் குடும்பங்கள் இருப்பதை நாமேனும் மறக்கலாகாது.

இறுதியாக, நீரைப் பற்றிய வியப்பு. லால்பாக் தோட்டத்தில் உள்ள பாறைக்குன்றின்மேல் மாலையில் காற்று வாங்க நம்மில் பலர் ஏறியிருப்போம். நாம் அமரும் அப்பாறையின் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். இமயமலை தோன்றத் தொடங்கியது சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான்! இத்தகைய பழம்பாறைமேல், கடல்மட்டத்திற்கு 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் நகரம் அமர்ந்திருக்கிறது. ஓட்டுக்கூரையின் முகட்டில் விழும் மழை இருபுறமும் வழிவது போல, நகரத்து மழை இரண்டாகப் பிரிகிறது. மேற்கே விழுந்த துளி விருஷபாவதி, அர்க்காவதி ஆறுகளின் வழியாகக் காவிரியை அடைந்து, ஒகேனக்கல்லையும் மேட்டூரையும் கடந்து சோழநாட்டுக்குப் போகிறது. கிழக்கே விழுந்த துளி பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியாகத் தென்பெண்ணையில் கலந்து, ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியே கடலூரில் கடல் சேர்கிறது. இரு துளிகளும் இறுதியில் தமிழ்நாட்டுக்கே வருகின்றன.

மேட்டில் அமைந்த நகருக்குள் பேராறு இல்லை. ஆகவே 1974 முதல் காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, மூன்று கட்டங்களாகச் சுமார் 500 மீட்டர் உயரத்திற்கு இறைக்கப்பட்டு நம் குழாய்க்கு வருகிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல் ஏழு மடங்குக்கும் மேலான உயரம் இது. அவ்வாறு ஏறி வந்த காவிரி நீரில் ஒரு பகுதி, நம் சமையலறையிலும் குளியலறையிலும் பயன்பட்டபின் கிழக்குச் சரிவில் இறங்கித் தென்பெண்ணைக்குப் போய்விடுகிறது. காவிரியும் பெண்ணையும் மலையில் கலக்கவில்லை; நம் வீட்டுச் சாக்கடையில் கலக்கின்றன!

இந்த வியப்பு நகைப்புக்குரியதன்று. 2015 இலும் 2017 இலும் பெல்லந்தூர் ஏரி தீப்பற்றி எரிந்தது. நீர் எரியுமா என்று உலகமே கேட்டது. தூய நீர் எரியாது. ஆனால் சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் கொணர்ந்த சவர்க்காரப் பொருள்கள் மலைபோல் நுரைக்கின்றன. அடியில் தேங்கிய சேறு அழுகி எரிவாயுவை வெளியிடுகிறது. மேலே குப்பையும் காய்ந்த நீர்ப்பூண்டும் மண்டிக் கிடக்கின்றன. பொறி ஒன்று விழுந்தால் போதும். 1969 இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் குயஹோகா என்னும் ஆறும் இவ்வாறு எரிந்தது. அந்நாட்டு மக்கள் அதைத் துணுக்குச் செய்தியாகப் படித்து மறந்துவிடவில்லை, நாணம் கொண்டனர். 1972 இல் தூய நீர்ச் சட்டம் இயற்றப்பட்டது; ஆறு மெல்ல மெல்ல மீண்டும் மீன் வாழும் ஆறாயிற்று. ஒரு வியப்பு எழுப்பும் "ஏன்?" என்ற கேள்வியை இறுதிவரை தொடர்ந்தால் எவ்வளவு நன்மை விளையும் என்பதை இது காட்டுகிறது.

நேயர்களே, கிருஷ்ணகிரியிலோ திருவண்ணாமலைப் பக்கத்திலோ உறவினர் உள்ளவர்கள் நம்மில் பலர். ஊருக்குக் கடிதம் எழுதவும் பணம் அனுப்பவும் நாம் மறப்பதில்லை. ஆனால் நாம் அறியாமலே நாள்தோறும் அவர்களுக்கு அனுப்பும் பொருள் ஒன்று உண்டு; அதுவே நம் வீட்டுக் கழிவுநீர். அடுத்த முறை எண்ணெயையோ வண்ணக் குழம்பையோ சாக்கடையில் கொட்டக் கை நீளும்போது, அது போய்ச் சேரும் வயல் யாருடையது என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். நம் தெருவின் நீர் எந்த ஏரிக்குப் போகிறது என்பதைக் கன்னடம் பேசும் அண்டை வீட்டாரிடம் கேட்டு அறிவோம். ஏரியைக் காக்க அவர்கள் கூடும்போது நாமும் உடன் நிற்போம். "இது நம் ஊரா?" என்று குழந்தை கேட்டால், அப்போது விடை சொல்வது எளிதாக இருக்கும்.