தனிக்கலமும் அயற்கலமும்: அயன் நுண்கற்றை உணர்த்துவன

கதிர்வீச்சின் தீங்கைச் சராசரி அளவுகொண்டு கணிப்பதே நெடுங்கால மரபு. ஆயின், சுரங்கத் தொழிலாளி குறைந்த அளவில் றேடன் வாயுவைச் சுவாசிக்கும்போது அவனது நுரையீரலின் மிகச்சில கலங்களையே அல்பாத் துணிக்கைகள் ஊடறுக்கின்றன, ஏனையவை தீண்டப்படுவதில்லை. சராசரி இவ்வுண்மையை மறைத்துவிடுகிறது.

இம்மறைப்பை நீக்கும் கருவியே அயன் நுண்கற்றை. ஆர்முடுக்கியிலிருந்து வரும் அயன்கள் நுண்துளையாலோ மின், காந்த வில்லைகளாலோ சில மைக்கிரோமீற்றர் அகலத்துக்குக் குறுக்கப்படுகின்றன. நுணுக்குக்காட்டி கலத்தை இனங்காட்ட, உணரி துணிக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணுகின்றது. குறித்த தொகை நிறைந்ததும் கற்றை தடுக்கப்படும்.

1953 இல் சிக்காகோவைச் சேர்ந்த சேர்க்கிள், புளூம் ஆகியோர் கலத்தின் பகுதிகளைப் புரோத்தன்களால் தனித்தனியே தாக்கினர். நிறமூர்த்தங்களே எளிதிற் பழுதுற்றன. கருவே இலக்கு என்னும் கருத்து வலுப்பெற்றது. ஆனால் 1992 இல் நாகசாவா, லிற்றில் ஆகியோர், ஒரு சதவீதத்துக்கும் குறைவான கருக்களே ஊடறுக்கப்பட்டிருக்க, ஏறத்தாழ 30 சதவீதமான கலங்களில் நிறமூர்த்த மாற்றங்களைக் கண்டனர். 1999 இல் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் நுண்கற்றையாற் குழியவுருவை மட்டும் தாக்கியும் விகாரங்கள் தோன்றுவதைக் காட்டினர். தெரிந்தெடுத்த சில கலங்களை மட்டும் தாக்கிய பிற்கால ஆய்வுகள், தாக்குண்ட கலம் தன் அயற்கலங்களுக்குச் சமிக்ஞை அனுப்புவதை உறுதிசெய்தன.

சமூக நியதிகளைக் கலத்தின்மீது ஏற்றியுரைப்பது நமது நோக்கமன்று. அயற்கல விளைவு சிலவிடத்துப் பழுதுற்ற கலங்களை அழித்து ஆபத்தைக் குறைக்கவும் கூடும். எனினும், தனியனைப் பிரித்தறிய எழுந்த கருவியே தனியன் தனித்தில்லை என்பதை நிறுவியது. தொழிலாளியின் உடலுக்குப் ‘பாதுகாப்பான அளவு’ வகுப்போர் இனிச் சராசரியின் பின்னே ஒதுங்கிநிற்றல் இயலாது.